மான்தலைப் பனியன்

குமாரசாமியின் பனியன் கம்பெனியில் மாதவனின் இரண்டு விரல்களைக் கட்டிங் மெஷின் கொண்டுபோனது. பழுதான மெஷின். சரிசெய்யச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். விசாரிக்க வந்த அதிகாரியிடம் குமாரசாமி கூசாமல் சொன்னார்: "இவன் குடிச்சுப்போட்டு மெஷினத் தொட்டானுங்க." மாதவன் காபியைத் தவிர எதையும் குடித்தவனில்லை. வேலை போனது, குடிகாரன் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருந்த வேலம்பாளையம் காலனியில் தலைகுனிந்து நடந்தான். அதே கம்பெனியில் தைத்த துணிகளைச் செக்கிங் பார்த்த அவன் மனைவி நாகஜோதி வேலையை விடவில்லை. பழிதீர்க்க அவள் உள்ளே இருக்க வேண்டுமே.

2006இல் இங்கிலாந்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பனியனின் நெஞ்சில் மான்தலை, அதன் கீழே குறுக்காக இரண்டு துப்பாக்கிகள். ஏதோ ஒரு சிற்றூரின் கடைக்காரர்களும் விவசாயிகளும் தாங்களாகவே சேர்ந்து போருக்குப் போன தொண்டர் படையின் சின்னமாம். பாதிப் பேர் திரும்பவே இல்லையாம். அதனால் அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் அணியக் கூடாது, தையலில் பழுதான ரிஜெக்ட் பீஸ்களை எரித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. தொழிலாளர்களில் ரிஜெக்ட் பீஸுக்குப் பொறுப்பான நாகஜோதியிடம் மட்டும், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கீதாஞ்சலி இதைச் சொல்லிவைத்தாள்.

எரிக்கக் குமாரசாமிக்கு மனசு வருமா? தீபாவளித் துணி என்று அவற்றையே தொழிலாளர்களுக்குக் கொடுத்து வள்ளலாகிவிட்டார்.

ஆர்டர் கொடுத்த இங்கிலாந்து பையர் கம்பெனியைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் நாகஜோதி எல்லோரிடமும் சொன்னாள்: "நாளைக்கு மான்தலப் பனியனப் போட்டு வாங்க. வெள்ளக்காரரு பாத்தா சந்தோசப்படுவாரு." ஆர்டர் போனால் அவர்கள் பிழைப்பும் போகும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆத்திரம் அதையும் விழுங்கிவிட்டது.

மறுநாள் குமாரசாமியோடு உள்ளே வந்த பையரின் எதிரே மான்தலையோடு ஒரு படையே நின்றது. அவர் முகம் சிவந்தது. குமாரசாமி நாகஜோதியை ஓரமாக அழைத்தார்.

"அம்மிணி, குடோன்ல இருந்து இவங்க திருடிப்போட்டாங்கன்னு சொல்லிப்போடு. மாதவனுக்கு நாளைக்கே வேலை தர்றேன்."

குடிகாரன் போதாதென்று இப்போது காலனியே திருடர்களா? நாகஜோதி கீதாஞ்சலியிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மேடம், வெள்ளக்காரருகிட்ட சொல்லுங்க. எங்க மொதலாளிதான் தன் கையால குடுத்தாரு. அன்னிக்கு நல்லாக் குடிச்சிருந்தாரு."

"நான் குடிக்கறதே இல்லீங்க!" குமாரசாமி அலறினார். பழநிக்கு மாலை போடும் மனிதர். அவர் சொன்னது சத்தியம்.

அதிகாரி விசாரிக்க வந்த அன்றைக்கு மாதவனும் இதையேதான் சொல்லிக் கதறினான்.