மார்க்கர் சிங்கம்

லோங் பொயின்ற் ஏரிக்கரைக்குப் போனது கிரிக்கெட் விளையாடத்தான். பந்து உயரமான புல்லுக்குள் போன போதெல்லாம் அரைக் காற்சட்டையோடு உள்ளே இறங்கியவர் ஜெயரட்ணம். வீரர் அல்லவா! அடுத்த கிழமையே தொடையின் பின்புறம் சிவப்பாக ஒரு வட்டம். நோவுமில்லை, சொறிவுமில்லை. உடம்பு மட்டும் அடித்துப் போட்டதுபோல் கிடந்தது.

மனைவி யோகராணி பார்த்த மாத்திரத்தில் அக்கி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அக்கிமேல் காவியால் சிங்கம் எழுதிச் சுற்றிவரக் கோடு கீறினால், அது கோட்டைத் தாண்டாது என்பது அவள் நம்பிக்கை. புலம்பெயர்ந்து வந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடி வீட்டில் காவிக்கு எங்கே போவது? தான் வேலை செய்யும் கடையில் விலை எழுதுகிற கறுப்பு மார்க்கரை எடுத்தாள். கோடு நன்றாக வந்தது. சிங்கம் பூனையாக வந்தது.

மூன்றாம் நாள் அக்கி கோட்டைத் தாண்டிவிட்டது. காய்ச்சலும் வந்தது. பயந்துபோன யோகராணி கிளினிக்குக்குப் புறப்படச் சொன்னாள். டொக்டர் ஒரு பெண். மானம் போகப்போகிறதே என்று ஜெயரட்ணம் குளியலறையில் நின்று தேய்தேயென்று தேய்த்தார். மார்க்கர் அசையவில்லை.

டொக்டர் ஏதோ பூச்சிக்கடி என்று பூசுமருந்து எழுதத்தான் பேனையை எடுத்தார். பிறகு கோட்டைக் கண்டார். எப்போது கீறியது என்று கேட்டார். மூன்று நாளுக்குள் இரண்டு விரல் அகலம் வெளியே படர்ந்திருக்கிறதே என்று பேனையை வைத்துவிட்டு, அண்மையில் எங்கே போனீர்கள் என்று விசாரித்தார். லோங் பொயின்ற் என்றதும் முகம் மாறியது. அங்கே புல்லில் கசகசா அளவு உண்ணி இருக்குமாம். எலியின் இரத்தத்தோடு கிருமியையும் குடித்துவிட்டு, மானோ மனிதனோ எது உரசினாலும் ஒட்டிக்கொள்ளுமாம். கடித்தது தெரியாது, இப்படி நாளுக்கு நாள் அகலும் வட்டம்தான் அடையாளம். பெயர் லைம் நோய். கவனியாமல் விட்டால் மூட்டு, முகநரம்பு, இதயம் என்று ஏறக்கூடும். இப்போதே கண்டதால் மருந்துக் குளிசையோடு போய்விடும். கோடு கீறியவருக்கு நன்றி சொல்லுங்கள் என்றார்.

வட்டம் சுருங்குகிறதா என்று பார்க்க இன்னொரு கோடு கீறவும் சொல்லியனுப்பினார். வீடு வந்ததும் ஜெயரட்ணம் செற்றியில் குப்புறப் படுத்தார்.

"யோகம், மார்க்கரை எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். "நீர் இல்லாட்டி நான் நொண்டியாப் போயிருப்பன்."

அவள் கோட்டைக் கீறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க்கரின் மூடியைப் போட்டாள்.

"சிங்கம் எங்கை?" என்றார் அவர்.

"டொக்டர் கோடு மட்டும்தான் கேட்டவ."

"டொக்டர் கிடக்கட்டும். எனக்கு என்ர பூனை வேணும்."