ஆடி பிறப்பதற்குள்

கமலாம்பாள் மாடிப்படி ஏறுவது வருடத்தில் இரண்டே முறை. தண்ணீர்த் தொட்டி கழுவும்போது ஒருமுறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒருமுறை. மற்றபடி முழங்கால் விடாது. ஆகவே ஆனி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து நின்றதுமே, துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தாமரைச்செல்வி பெட்டியை நிறுத்தி ஓரமாக வைத்தாள்.

"என்னங்கம்மா, ஒரு குரல் குடுத்திருந்தா நானே எறங்கி வந்திருப்பேனே."

"இருக்கட்டும். சுத்தி வளைக்காம சொல்லிடுறேன் தாமரை. ஆடி பொறக்கறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடு."

தாமரைச்செல்வி ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களுக்கு ரத்தம் எடுக்கக் காலை ஆறரைக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். புருஷன் செல்லையன் ஆட்டோ ஓட்டுகிறான். ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி. மூன்று பேரும் ஆறு வருடமாக அந்த மாடியில் குடியிருக்கிறார்கள். வாடகை ஆறாயிரத்து ஐநூறு. ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி கைக்கு வந்துவிடும். கமலாம்பாளுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டுமென்றால் தாமரைச்செல்வியே ஊசியோடு கீழே வந்து ரத்தம் எடுத்துப் போவாள். சாயங்காலம் முடிவைச் சொல்லிவிட்டு, "நேத்து மைசூர்பாகு தின்னீங்கதானே?" என்று கேட்டு மடக்குவாள்.

குறை சொல்ல ஒன்றுமே இல்லாதவர்களைக் காலி பண்ணச் சொல்வதைப் போலக் கஷ்டமான காரியம் வேறில்லை. கமலாம்பாள் மூன்று நாள் தள்ளிப்போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறி வந்திருந்தாள்.

காரணம் பெங்களூர். மகன் நவநீதன் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். சம்பளம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இந்த எண் சுரக்குடியில் இருக்கிற சொந்தக்காரர்கள் காதில் விழுந்த நாளிலிருந்து கோயில் திருப்பணியோ காதுகுத்தோ, எதுவானாலும் வசூல் நோட்டில் முதல் பெயர் அவனுடையதுதான். கையில் அவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்று நோட்டு எழுதுகிறவர்கள் கேட்டதில்லை. குழந்தை பிறந்தபின் மருமகள் தமிழ்மொழி வேலையை விட்டுவிட்டாள். இரண்டு அறை வீட்டுக்கு வாடகை முப்பத்தெட்டாயிரம். துணி காயப்போடக்கூட இடமில்லாத வீடு அது. போன தடவை போயிருந்தபோது கமலாம்பாள் தன் புடவையை நாற்காலி முதுகில் போட்டு மின்விசிறியில் காயவைத்தாள். இந்த வருடம் அந்த வீட்டுக்காரம்மா வாடகையை நாற்பத்தாறு ஆக்கிவிட்டாள்.

மகன் வாய்விட்டு உதவி கேட்கவில்லை. "பாத்துக்கலாம்மா" என்றான். அந்தப் 'பாத்துக்கலா'மைக் கேட்டதிலிருந்து கமலாம்பாள் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுத் தரகர் குஞ்சிதபாதம் வந்து சேர்ந்தார். எழிலன் என்று மயிலாடுதுறைப் பையன். அவனும் பெங்களூர் கம்பெனிதான், ஆனால் வீட்டிலிருந்தே வேலை. எங்கே இருந்தால் என்ன, கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போவோம் என்று காரைக்காலில் வீடு தேடுகிறானாம்.

"பதினஞ்சுன்னு சும்மா சொல்லிப் பாத்தேம்மா. 'அவ்வளவுதானா'ன்னு கேக்குறாரு! என் சர்வீஸ்ல ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல" என்றார் குஞ்சிதபாதம்.

பதினைந்தில் ஆறரை போனால் எட்டரை. மகனுக்கு ஏறியதோ எட்டு. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதும், இது காரைக்கால் அம்மையாரே காட்டிய வழி என்று கமலாம்பாள் முடிவு கட்டிவிட்டாள். நமக்கு வேண்டியது நடக்கும்போதெல்லாம் தெய்வத்தைச் சாட்சிக்கு இழுப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.

ஒரே சிக்கல் ஆடி. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனிக்குள் பழைய குடி இறங்கிப் புதுக் குடி ஏறாவிட்டால் அப்புறம் ஆவணிதான். எழிலனின் அம்மாவும் ஆடிக்கு முன்னால் பால் காய்ச்சியாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாளாம்.

"ஆனி மட்டும் ஆகுமா?" என்று கமலாம்பாள் கேட்டாள்.

"சொந்த வீட்டுக்குத்தாம்மா அதெல்லாம். வாடகை வீட்டுக்கு ஆடி, மார்கழி தவிர எல்லாம் நல்ல மாசம்."

தரகர்களுக்கென்று ஒரு தனிப் பஞ்சாங்கம் இருக்கிறது.

அதைத்தான் இப்போது மேலே வந்து சொல்லியாகிவிட்டது. தாமரைச்செல்வி அழவுமில்லை, சண்டைக்கு வரவுமில்லை. "ஏம்மா திடீர்னு?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஆசையா? புள்ள அங்க வாடகை கட்ட முடியாம முழிக்கிறான். இந்த மாடிக்குப் பதினஞ்சாயிரம் தர்றேன்னு ஆள் வந்திருக்கு. நீ அதைக் குடுத்தா நீயே இரு, எனக்கென்ன."

சொல்லி முடித்த பிறகுதான் கமலாம்பாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாமரைச்செல்வியின் மாதச் சம்பளமே பதினாறாயிரம்.

அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வேலை முடிந்ததும் ஆட்டோவில் கிளம்பிவிடுவார்கள். கமலாம்பாள் வாசலில் நின்று அவர்கள் போவதையும் வருவதையும் பார்ப்பாள். வருகிற முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கேட்க வேண்டியதில்லை. ஊரில் இருந்த சின்ன வீடுகளையெல்லாம் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விட்டிருந்தார்கள். மரக்கடை சேக் பரீது தன் பின்கட்டைத் தருவதாகச் சொல்லியிருந்தார். போய்க் கேட்டபோது இரண்டு நாள் முன்னால்தான் நாலு மாணவர்கள் வந்து அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்று வருத்தப்பட்டார். காரைக்கால்மேட்டில் ஒரு வீடு பத்தாயிரம் கேட்டது, அதுவும் கக்கூஸ் வெளியில்.

மாங்கனித் திருவிழா அன்று தாமரைச்செல்வி கீழே வந்தாள். சாமி ஊர்வலத்தில் ஜனங்கள் வாரி எறிந்ததில் அவள் பெண்ணுக்கு இரண்டு மாம்பழம் அகப்பட்டதாம். ஒன்றைக் கமலாம்பாளிடம் நீட்டினாள்.

"ஒரு துண்டு மட்டும் சாப்பிடுங்க, மொத்தத்தையும் தின்னுடாதீங்க" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "ஆடி ஒரு மாசம் மட்டும் விடுங்கம்மா. ஆவணி ஒண்ணாந்தேதி நாங்களே எறங்கிடுறோம். ஆடியில யாரையும் குடி எழுப்ப மாட்டாங்கல்ல?" என்றாள்.

"அதுக்குத்தானே ஆடிக்கு முன்னாடியே சொன்னேன்."

நியாயமான பதில்தான். சொன்னவளுக்கே அது பிடிக்கவில்லை. அந்த மாம்பழம் நறுக்கப்படாமலே குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது.

ஆனி இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் நவநீதன் பேசினான்.

"வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிட்டாங்கம்மா."

"ஏண்டா, அதான் நாப்பத்தாறு தர்றேன்னுட்டியே?"

"அம்பத்தஞ்சுக்கு ஆள் வந்துருச்சாம். ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் டயம்."

கமலாம்பாள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். "அடப்பாவி, அது ஆடி பதினஞ்சுடா!"

"இங்க அதெல்லாம் யாரும்மா பாக்குறா?"

"பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு ஆடியில எங்கடா போவ? அந்தம்மா நம்பரைக் குடு, நான் பேசுறேன்."

நவநீதன் வேண்டாம் வேண்டாம் என்றான். தமிழ்மொழிதான் அலைபேசியை வாங்கி எண்ணைச் சொன்னாள்.

பெங்களூர் வீட்டுக்காரம்மாவுக்கு ஆம்பூர்ப் பக்கம். தமிழ் நன்றாகவே பேசினாள், மரியாதையாகவும் பேசினாள். அதுதான் கமலாம்பாளை இன்னும் சங்கடப்படுத்தியது. திட்டுகிற ஆளாக இருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

"ஒரே ஒரு மாசம்ங்க. ஆவணி பொறந்ததும் அவனே எறங்கிடுவான். ஆடியில யாரையாவது குடி எழுப்புவாங்களா?" என்று கமலாம்பாள் கெஞ்சினாள்.

"எங்க வீட்லயும் ஆடி பாக்குறவங்கதாம்மா. நவநீதன் தங்கமான பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா என் பொண்ணு டப்ளின்ல இருக்கா. சம்பளத்துல பாதி வாடகைக்கே போயிடுது. அவளா கேக்கல, நானாத்தான் மாசாமாசம் அனுப்புறேன். எனக்கு மட்டும் ஆசையா, சொல்லுங்க?"

கமலாம்பாள் அலைபேசியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்களும் மாடியை வாடகைக்கு விட்டிருக்கீங்களாமே, தம்பி சொல்லியிருக்காரு. உங்களுக்குத் தெரியாததா?" என்று முடித்தாள் அந்த அம்மாள்.

பேச்சு முடிந்த பிறகும் கமலாம்பாள் அலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்ளின் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அங்கேயும் ஒரு வீட்டுக்காரி இருப்பாள். அவளுக்கும் ஒரு பிள்ளை எந்த ஊரிலாவது வாடகை கட்டிக்கொண்டிருக்கும். கமலாம்பாளுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து, அந்த வருடத்தில் கணக்கில் இல்லாத இன்னொரு தடவையாக, படியேறினாள்.

மேலே கதவு விரியத் திறந்திருந்தது. நடையில் சாக்கு மூட்டைகள். கட்டிலைக் கழற்றிக் கயிறு போட்டு வைத்திருந்தார்கள். தாமரைச்செல்வி காலி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"தாமரை, நீ ஆவணி வரைக்கும் இரு. நான் அந்தப் பையன்கிட்டச் சொல்லிக்கிறேன்."

தாமரைச்செல்வி துடைப்பத்தைச் சாத்திவிட்டு நிமிர்ந்தாள். "முந்தாநாள்தாம்மா அம்பகரத்தூர்ல ஒரு வீடு கெடைச்சுது. காலையில பால் காய்ச்சிட்டு வந்தோம்."

பால் காய்ச்சிய வீட்டை அன்று ராத்திரி இருட்டாகப் போட்டுவைக்க யாருக்கும் மனசு வராது. போய் விளக்கேற்றிப் படுத்தாக வேண்டும். கமலாம்பாளுக்கும் அது தெரியும்.

"அவ்வளவு தூரத்துலேருந்து ஆறரைக்கு எப்படி வருவ?"

"அவரு ஆட்டோல கொண்டாந்து விடுவாரு. பாப்பாவையும் கூடவே கூட்டியாந்துடுவேன். ஆஸ்பத்திரியிலயே உக்காந்திருந்துட்டு, நேரமானதும் பள்ளிக்கூடம் போயிக்கும். பழகிடும்மா."

கீழே சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்து நின்று ஒலி எழுப்பியது. போகும்போது தாமரைச்செல்வி அடுப்பு மேடையில் ஒரு கிண்ணத்தில் உப்பும் ஒரு துண்டு மஞ்சளும் வைத்துவிட்டுப் போனாள். வீட்டை வெறுமையாக விட்டுப் போகக் கூடாதாம்.

ஆனி முப்பதாம் தேதி எழிலன் பேசினான். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"ஆன்ட்டி, ஸாரி. கம்பெனியில இனிமே வாரம் அஞ்சு நாளும் ஆபீசுக்கு வரணும்னு மெயில் போட்டுட்டாங்க. நான் பெங்களூருக்கே போறேன். குடுத்த அட்வான்ஸை நீங்களே வச்சுக்கங்க. அப்புறம், உங்க பையன் அங்கதானே இருக்காரு? அந்தப் பக்கம் வீடு ஏதாவது காலியாகுதா?"

"ஒண்ணு காலியாவுது. அதுக்கு அம்பத்தஞ்சுக்கு ஆள் வந்துருச்சு" என்றாள் கமலாம்பாள்.

"ஐயையோ, மிஸ் ஆயிடுச்சே" என்றான் பையன்.

குஞ்சிதபாதத்தைக் கூப்பிட்டு வேறு ஆள் உண்டா என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு நாள்ல ஆடி பொறக்குது. ஆடியில வீடு பாக்க எவன் வருவாம்மா? ஆவணியில பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் திருநள்ளாறு பக்கம் வேறு சோலியாகப் போய்விட்டார். நவநீதன் ஊருக்கு வெளியே, ஆபீசுக்கு ஒன்றரை மணி நேரம் போகிற தூரத்தில், ஒற்றை அறை வீடொன்றை முப்பத்திரண்டுக்குப் பேசி முடித்தான். ஆடி பதினைந்தாம் தேதி யாரையும் அழைக்காமல் தாங்களே பால் காய்ச்சிக்கொள்வதாகச் சொன்னான்.

ஆடி பிறந்த நாலாம் நாள் அவளுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. ஊசியோடு கீழே இறங்கி வர ஆளில்லை. வெறும் வயிற்றோடு ஆட்டோ பிடித்து ஆறரைக்கே மருத்துவமனைக்குப் போனாள். காத்திருப்போர் பெஞ்சில், பள்ளிச் சீருடையும் ரெட்டை ஜடையுமாக, புத்தகப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தாமரைச்செல்வியின் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை, கீழே விழுந்து கிடந்தது. கமலாம்பாள் குனிய முடியாமல் குனிந்து அதை எடுத்து பெஞ்சுக்கடியில் ஒழுங்காக வைத்தாள்.

உள்ளே தாமரைச்செல்வி எப்போதும்போல, "வாங்கம்மா, மைசூர்பாகா?" என்று சிரித்தாள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டினாள். ஊசி போனதே தெரியவில்லை. அவள் கை அப்படி.

"வந்துடு தாமரை. பழைய வாடகையே குடு. வீடு சும்மாதான் கெடக்கு."

தாமரைச்செல்வி குழாயில் பெயர் எழுதிக்கொண்டே, "ஆடியாச்சேம்மா. ஆடியில எப்படிங்க குடி வர்றது?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"அப்ப ஆவணியில வா."

"ஆவணியில உங்களுக்கு வேற ஆள் வந்துருவாங்கம்மா."

வர மாட்டார்கள் என்று சொல்லக் கமலாம்பாள் வாயெடுத்தாள். நவநீதனுக்குப் புது வீட்டில் எத்தனை மாதம் அதே வாடகை நிற்கும் என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது.

"பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுக் கைய மடக்கி வச்சுக்குங்க" என்றாள் தாமரைச்செல்வி. பிறகு வாசலைப் பார்த்து அடுத்தவரைக் கூப்பிட்டாள்.