ஒயர் இல்லாத இஸ்திரிப் பெட்டி

குவைத்திலிருந்து விக்டோரியா கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியில் ஒயர் இல்லை. கவரைப்பேட்டை காலனியில் அன்றைக்கு அதுதான் பேச்சு. அட்டையைப் பிரித்து அவள் பெட்டியைத் தூக்கிக் காட்டியதும் பக்கத்து வீட்டு முத்தம்மாள் அதை வாங்கிப் பின்பக்கம் பார்த்தாள், அடியில் பார்த்தாள், வெறும் அட்டையைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தாள். பிளேன் ஏறிப் போய்ச் சம்பாதிக்கிறவள் ஒயரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாளே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. வெளிநாட்டுச் சாமானில் ஒரு குறை கண்டுபிடிக்காவிட்டால் நம் ஜனத்துக்குச் சோறு இறங்காது.

விக்டோரியா குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்க்கிறாள். எஜமானி புதிதாக ஒன்று வாங்கியதும் இந்தப் பழசைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒயர் பெட்டியில் இல்லை, அது உட்காரும் பீடத்தில் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினாள். பீடத்தில் வைத்தால் சூடேறும். எடுத்துத் தேய்க்கலாம். சூடு இறங்கினால் மறுபடி வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஒரு சின்னத் தொட்டி உண்டு, பொத்தானை அமுக்கினால் ஆவி வரும். அப்படியானால் செல்போன் மாதிரி ராத்திரியெல்லாம் சார்ஜ் போட வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். சார்ஜும் இல்லை ஒன்றும் இல்லை, தோசைக்கல் போலத்தான், சூடு இருக்கிற வரைக்கும் வேலை செய்யும் என்று சொல்லிவிட்டு, விக்டோரியா பெட்டியைத் தம்பி மனைவி சுகிர்தாவின் மடியில் வைத்தாள்.

"உனக்குத்தான் கொண்டாந்தேன். இதுக்கு ஒரு கை போதும்," என்றாள்.

கூட்டத்தின் கண்ணெல்லாம் சுகிர்தாவின் முந்தானைக்குப் போனது. சுகிர்தா முந்தானையை இழுத்து இடது கையை இன்னும் நன்றாக மூடிக்கொண்டாள்.

மூடிக்கொள்ள அங்கே பாதிக் கைதான் இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, கும்மிடிப்பூண்டியில் வண்டிக்குப் பாகம் அடிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவள் தகட்டை அச்சில் அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். அச்சில் சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டாள். தகட்டை அவள் இறுக்கிப் பிடித்த நேரம் பிரஸ் இறங்கியது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு காலனியே சேர்ந்து அவளிடமிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டது. அன்பாகத்தான். தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தை ஒருத்தி வாங்கிக்கொள்வாள். கீரை ஆயப் போனால் முறத்தை இன்னொருத்தி இழுத்துக்கொள்வாள். நீ உட்காரு, நீ உட்காரு என்று சொல்லிச் சொல்லியே அவளை உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்த பழைய இஸ்திரிப் பெட்டியை ஒரு நாள் எடுத்துப் பார்த்தாள். ஒரு கை பெட்டியைத் தள்ளினால் இன்னொரு கை ஒயரைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமே. ஒயர் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தது. அதோடு அதையும் விட்டுவிட்டாள்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கஷ்டம். ஊருக்குத் தெரியாத ஒன்றும் அவளிடம் இருந்தது. போன கை போகவில்லை.

அது அங்கேயே இருந்தது. ஐந்து விரலும் மடங்கி, நகங்கள் உள்ளங்கையில் புதைந்து, அந்தத் தகட்டை இன்னும் விடாமல் பிடித்திருப்பதாகவே அவளுக்கு இருந்தது. ராப்பகலாக வலித்தது. விரலைப் பிரிக்கலாம் என்றால் பிரிக்க விரல் இல்லை, தடவலாம் என்றால் தடவ இடம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். போன கை எப்படிம்மா வலிக்கும், மனசைத் தைரியமா வெச்சுக்கோ என்று அந்தப் பெண் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு வாயை மூடியவள்தான். காலனியில் இப்படியெல்லாம் பேசுகிறவர்களுக்கு இரண்டே வழி. இந்துக்களாக இருந்தால் மூன்று வாரம் பெரியபாளையத்து அம்மன் கோயிலில் தங்க வைப்பார்கள். வேதக்காரர்களாக இருந்தால் ஜெப வீட்டில் தலைமேல் கை வைத்து உலுக்குவார்கள். புருஷன் ஸ்டீவன் நல்லவன்தான். நல்லவன் என்பதால்தான் அவளுக்குப் பயம் இன்னும் அதிகம். கை போனவளைத் தாங்குகிறான், புத்தியும் போனவள் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது? சொல்லாமலே இருந்தாள். வலியை அவன் பார்க்காதபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சோறு போட்டாள், சிரித்தாள், தூங்குவது போலப் படுத்திருந்தாள்.

விக்டோரியா திரும்பிப் போன மறுவாரம் சுகிர்தாவின் மகள் கிரேஸுக்குப் புதுநன்மை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில், பத்து வயதுப் பிள்ளைகள் வெள்ளை கவுன் போட்டு வரிசையாக நின்று முதல் முறை நற்கருணை வாங்குவார்கள். பொன்னேரியில் தைத்த கவுன் துணிப்பெட்டிக்கு அடியில் மாட்டிக் கசங்கிக் கிடந்தது. ரோட்டோரக் கடையில் கொடுத்துத் தேய்த்துக்கொள்ளலாம் என்றான் ஸ்டீவன். சல்லாத்துணி, கரிப்பெட்டி பட்டால் பொசுங்கிவிடும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள் சுகிர்தா. அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். அப்புறம் பீடத்தைத் தான் வேலை பார்க்கும் மில்லுக்கு எடுத்துப்போய், அதன் கொழுத்த வெளிநாட்டு பிளக்கை எலக்ட்ரீஷியனிடம் நம்மூர் பிளக்காக மாற்றிக் கொண்டுவந்து வைத்தான்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லை. கிரேஸ் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். பத்து வயதில் அவளுக்கு என்ன பாவம் இருக்கும் என்பது வேறு விஷயம். ஸ்டீவன் காலை ஷிப்டு. இரும்புக் கம்பி இழுக்கிற மில்லிலிருந்து மூன்று மணி ரயிலைப் பிடித்துத்தான் வருவான்.

சுகிர்தா தொட்டியை முழங்கால் இடுக்கில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். பெட்டியைப் பீடத்தில் உட்கார வைத்து சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்து, கொஞ்ச நேரத்தில் அணைந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள்.

எதுவும் இழுக்கவில்லை. கை போன போக்கில் பெட்டி போனது. முதலில் எடுத்த பழைய பாவாடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் போய், தையல் மூலைக்குள் நுழைந்து, நின்று, திரும்பி வந்தது. ஒயரை நகர்த்து, தூக்கு, தள்ளு என்று ஒரு அதிகாரமும் இல்லை. சுருக்கம் அப்படியே மறைந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உள்பாவாடையைத் தேய்த்தாள், முக்காட்டுத் துணியைத் தேய்த்தாள், யாரும் கேட்காத தலையணை உறையையும் தேய்த்தாள். இருபது எண்ணுவதற்குள் சூடு இறங்கிவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தாள். இருபது தேய்ப்பு, பிறகு பீடம், விளக்கு, மறுபடி இருபது. யாராவது வந்து நீ உட்காரு என்று சொல்லிவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்தினாள்; கிரேஸ் வருவாளே என்று தாழ் மட்டும் போடவில்லை.

கவுனுக்குத்தான் யோசனை தேவைப்பட்டது. அடுக்கடுக்காகச் சல்லா, கீழே வைத்துத் தேய்த்தால் அமுங்கிவிடும். தொங்கவிட்டு ஆவி மட்டும் காட்டச் சொல்லி விக்டோரியா சொல்லிக்கொடுத்திருந்தாள். ஜன்னல் கம்பியில் ஹேங்கரை மாட்டினாள். பெட்டியைக் கிட்டே கொண்டுபோனால் துணி பின்னால் ஓடியது. அது ஓடாமல் உள்ளேயிருந்து தாங்க ஒரு கை வேண்டும்.

சுகிர்தா சற்று நின்றாள். வீட்டில் யாரும் இல்லை. முந்தானையை விலக்கினாள். இடது முழங்கையைக் கவுனுக்குள் விட்டு, அந்த மொட்டைக் கையால் துணியை உள்ளிருந்து தள்ளிப் பிடித்தாள். துணி கச்சிதமாக நின்றது. பெட்டியை ஒரு சாண் தள்ளி நிறுத்திக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

புஸ் என்று ஆவி கிளம்பியது. சல்லாவின் நூறு ஓட்டைகளிலும் புகுந்து, சூடு ஆறி, வெதுவெதுப்பாக மறுபக்கம் வந்தது. அவள் கையைச் சுற்றிக்கொண்டது.

சுண்டுவிரல் அசைந்தது.

முதலில் அவள் நம்பவில்லை. மறுபடி அமுக்கினாள். இல்லாத சுண்டுவிரல் உள்ளங்கையை விட்டு மெதுவாக எழுந்தது. அடுத்து மோதிர விரல். பெட்டி சூடு குறைந்துவிட்டது, பீடத்தில் வைத்துவிட்டு விளக்கையே பார்த்தபடி நின்றாள். அது அணைவதற்குள் யுகம் போனது போல இருந்தது. மூன்றாவது முறை நடுவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிரிந்தன. கட்டைவிரல் மட்டும் பிடிவாதம் பிடித்தது. தொட்டியில் மறுபடி தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். கட்டைவிரலும் விட்டது. ஒன்றரை வருஷமாகப் பிடித்திருந்த தகடு, எங்கே விழுந்ததோ, விழுந்துவிட்டது.

உள்ளங்கையில் காற்று படுவது தெரிந்தது. வியர்த்த உள்ளங்கையில் படுகிற காற்று. அவள் கண்ணெதிரே வெள்ளைக் கவுனுக்குள், மொட்டைக் கைக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அவள் கை மலர விரிந்திருந்தது. கர்த்தரே என்றாள். ஜன்னலோரத்தில் நின்று ஓசையில்லாமல் அழுதாள். வலிக்காக இத்தனை நாள் அழாதவள், வலி நின்றதற்காக அழுதாள்.

கவுன் எப்போதோ தயாராகிவிட்டிருந்தது. அதைக் கட்டிலில் பரப்பிவிட்டு, ஒரு பழைய சல்லாத் துண்டை எடுத்துக் கையில் போர்த்தி, இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை என்று ஆவி காட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டீவன் உள்ளே வந்தது அவளுக்குத் தெரியாது.

அவன் பார்த்தது வேறு. வீடெல்லாம் ஆவி. பெண்டாட்டி கண்ணீரோடு நிற்கிறாள், சூட்டுப் பெட்டியைத் தன் மொட்டைக் கைக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். டிபன் டப்பா கீழே விழுந்தது. ஒரே தாவலில் வந்து அவள் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினான். அடிப்பக்கம் அவன் விரலில் பட்டு சுரீரென்றது, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"இன்னாம்மே பண்ற," என்றான். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "கைய சுட்டுக்கினியா? எதுக்கும்மே?"

துணிக்கு ஆவி பிடித்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். கவுன் கட்டிலில்தான் கிடக்கிறது, அவன் நம்புவான். ஆனால் நாளைக்கு இந்தக் கை மறுபடி மூடிக்கொண்டால் மறுபடி ஒளிந்துதான் திறக்க வேண்டும். சுகிர்தா ஒளிக்கவில்லை. சொன்னாள்.

"கை வலிக்குது. இந்தக் கை இல்ல, போன கை. அன்னைக்கிலேர்ந்து மூடிக்கினே இருந்துச்சு. நகம் உள்ளாற குத்திக்கினே இருந்துச்சு. இந்த ஆவி பட்டுத்தான் இப்ப தொறந்துச்சு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நம்பலன்னா வுட்டுடு. ஜெப ஊட்டுக்கு மட்டும் இட்டுகினு போவாத."

ஸ்டீவன் பெட்டியைப் பீடத்தில் வைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அதில் பரிதாபம் வந்தால் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு அவன் மில்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அங்கே சின்னராசு என்று ஒரு கேட் வாட்ச்மேன். பழுக்கக் காய்ந்த கம்பி பாய்ந்து ஒரு கால் போனவர். இல்லாத காலில் எறும்பு கடிக்கிறது, யாராவது சொறிந்துவிடுங்கள் என்று கேட்பாராம். தண்ணி போட்டுவிட்டுப் பேசுகிறார் என்று எல்லோரும் சிரிப்பார்களாம்.

"நானும்தான் சிரிச்சேன். ஆறு வருசமா சிரிச்சுக்கினு இருக்கேன்," என்றான். தலை குனிந்திருந்தது. "நீயும் ஒண்ணரை வருசமா பக்கத்துலயே படுத்துக்கினு இருந்திருக்க."

அவன் தொட்டியைக் கழற்றி எடுத்துப்போய்த் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்தான். பெட்டியைப் பொருத்தினான். தினமும் ஆயிரம் டிகிரியில் பழுத்த இரும்பைக் குறடால் பிடித்துத் தள்ளுகிறவன், அந்தச் சின்ன விளக்கு அணைவதைச் சாமி கும்பிடுகிறவன் போல நின்று பார்த்தான். எத்தனை தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று கேட்டான். ஒரு சாண் என்றாள். முதலில் தன் கையில் ஆவியைக் காட்டிப் பார்த்துக்கொண்டு, பிறகு துண்டைப் போர்த்தி அவளுக்குக் காட்டினான். எந்த விரல் என்றான். கட்டைவிரல் என்றாள். தெரிந்தவன் மாதிரி கொஞ்சம் இடதுபக்கம் திருப்பிப் பிடித்தான்.

தண்ணீர் தீர்ந்த பிறகு சுகிர்தா களைத்துப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கவுனை மடங்காமல் தூக்கி ஜன்னலில் மாட்டிவிட்டு வந்து, ஸ்டீவன் வழக்கம் போல அவளுக்கு இடதுபக்கம் உட்காரப் போனான். பாதி உட்கார்ந்தவன் சட்டென்று எழுந்துகொண்டான்.

"உன் கை இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டான்.

அவள் குனிந்து வெறும் போர்வையைப் பார்த்தாள். "இங்கதான். விரிச்சு வெச்சினு இருக்கேன்."

அவன் அந்த இடத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டான். பிறகு ஒரு கை அகலத்துக்கு இடம் விட்டு, போர்வை கசங்காமல் தள்ளி உட்கார்ந்தான்.