வேட்டிக்கு மதிப்பெண் இல்லை

ஆக்குபேஷனல் தெரபியில் முதுகலை படிக்கிறேன் என்று தேவிப்பிரியா சொன்னால் அயனம்பாக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "பிசியோதானே?" இல்லை என்றால் அடுத்தது, "டாக்டருக்கு சீட்டு கெடைக்கலியா?" ஏரியோரத்து அடுக்குமாடியில் குடியிருந்த ஐ.டி. வேலைக்காரர் ஒருவர் மட்டும் அந்தப் பெயரில் 'ஆக்குபேஷன்' என்ற பாதியை நன்றாகப் புரிந்துகொண்டு, சும்மா இருக்கும் தன் மகனுக்கு ஏதாவது பார்க்கச் சொல்லி பயோடேட்டாவே அனுப்பிவைத்தார்.

எல்லாரையும்விட அதிகம் கிண்டல் செய்தவர் அவளுடைய பெரியப்பா கோதண்டம். அப்பன் உழுத நிலத்தை மனைகளாக்கி விற்று, பிறகு ஊரான் நிலத்தையும் விற்றுத் தரும் புரோக்கராக வளர்ந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன். ஒரு காதுகுத்தில் பந்திக்கு நடுவே அவளை நிறுத்தி, அந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டார்.

"கை கால் விழுந்தவங்க குளிக்கிறது, சாப்பிடறது, டிரெஸ் பண்றதுன்னு அவங்க வேலைய அவங்களே செய்யப் பழக்குவோம் பெரியப்பா."

"குளிக்கறதுக்கு எம்.ஏ.வா? அதுக்குத்தான் ஊட்ல பொம்பளைங்க கீறாங்களே!"

பந்தியே சிரித்தது. பக்கத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மா தாட்சாயிணியும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

அடுத்த ஆடியில் கோதண்டத்துக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் விளக்கப் போனவர் வாஷ்பேசினுக்கு அடியில் கிடந்தார். இருபது நாள் ஆஸ்பத்திரி. அதன்பின் பிசியோக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து மூன்று மாதத்தில் அவரைத் தடி ஊன்றி நடக்கவைத்துவிட்டார். வலக்கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டார் கவனிப்பில் குறையே சொல்ல முடியாது. அவருக்கு எந்தக் குறையும் வராதபடி, எந்த வேலையும் வராதபடி பார்த்துக்கொண்டார்கள். சோற்றைப் பெரியம்மா ஊட்டினாள். சட்டைப் பொத்தானை மகன் ராகேஷ் போட்டான். தலை அரித்தால் சொறிந்துவிடக்கூட ஆள் இருந்தது. இடக்கை என்று ஒன்று நன்றாகவே இருப்பதை அந்த வீட்டில் எல்லாரும் மறந்துபோனார்கள், கோதண்டம் உட்பட.

தேவிப்பிரியா அவரைப் பார்க்கப் போனது பாசத்தால் மட்டுமல்ல. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோரம் இருந்த அவளுடைய கல்லூரியில், ஆய்வேட்டுக்கு முப்பது நோயாளிகள் வேண்டும் என்று விதி. அவளிடம் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். "முப்பது வந்தா டிகிரி, இல்லன்னா அடுத்த வருஷம்" என்று வழிகாட்டிப் பேராசிரியர் அழகேசன் தெளிவாகச் சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்கு வலக்கை விழுந்தது என்று கேட்டதும் அவளுக்கு முதலில் அழுகை வந்தது. இரண்டாவதாக என்ன தோன்றியது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். எங்கோ குளிர் நாட்டில் தயாரான அட்டவணை. மொத்தம் பன்னிரண்டு கேள்வி.

"முள்கரண்டியால அழுத்திப் புடிச்சி கறிய கத்தியால வெட்ட முடியுதா பெரியப்பா?"

"கறிய நான் இன்னாத்துக்கு வெட்டணும்? கடைலயே வெட்டிக் குடுப்பான்."

"கோட் போட முடியுதா?"

"என் கல்யாணத்துக்கே போடல."

"ஷூ லேஸ்?"

"செருப்பு."

பன்னிரண்டுக்கும் சைபர் எழுதினாள். எழுதி முடித்து, பேனாவை மூடி, புறப்படப் போனவள், பாடத்தில் முதல் வாரமே சொல்லித்தந்த கேள்வியைக் கேட்கவில்லையே என்று மறுபடி உட்கார்ந்தாள். "உங்களுக்கு இப்போ எத நீங்களே செய்யணும்னு இருக்கு?"

கோதண்டம் பெரியம்மாவைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினார். "வேட்டி. நானே கட்டிக்கணும்."

போன வாரம் நடந்ததைச் சொன்னார். ஒரு பத்திரப் பதிவுக்கு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பெரியம்மா கட்டிவிட்ட வேட்டி. பார்சல் கட்டுவதுபோல இறுக்கித்தான் கட்டியிருந்தாள். ஆனாலும் அலுவலக வாசலில், வாங்க வந்த பார்ட்டிக்கு எதிரிலேயே அவிழ்ந்து விழுந்தது. ஒரு கையில் தடி, மறு கை செத்த கை. அந்த பார்ட்டியின் மனைவிதான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"நான் அப்பவே செத்துருக்கணும் பாப்பா" என்றார். அவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை.

அன்று இரவல் வாங்கிய வேட்டியோடு தேவிப்பிரியா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் வலக்கையைத் துப்பட்டாவால் உடம்போடு கட்டிப்போட்டு, ஒற்றைக் கையால் கட்டிப் பார்த்தாள். பதினேழு முறை விழுந்தது. பீரோவில் சாய்ந்து, இடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவில் துணியை அழுத்திப் பிடித்தபோது பதினெட்டாவது முறை நின்றது.

ஆறு வாரம் பழகினார்கள். பீரோவில் சாய்வது, வராத வலக்கையைத் தூக்கித் துணியின் ஒரு முனைமேல் பாரமாக வைப்பது, இடக்கையால் மறுமுனையைச் சுற்றிக்கொண்டுவந்து செருகுவது. வெல்க்ரோ வைத்த ஒட்டு வேட்டி வாங்கிவிடலாமே என்றான் ராகேஷ். "அது எல்.கே.ஜி. பசங்க கட்றது" என்று கோதண்டம் முறைத்தார்.

கையைவிடப் பெரிய இடைஞ்சல் பெரியம்மாதான். வேட்டி நழுவும்போதெல்லாம் அவள் கை தானாக நீண்டது. ஒருநாள் தேவிப்பிரியா அதட்டியே விட்டாள்.

"கையத் தொடைக்கு அடில வெச்சிகினு உக்காருங்க பெரிம்மா."

"நான் கட்டிவுட்டா இன்னா கொறஞ்சி பூடும்?" பெரியம்மாவுக்கு முகம் சிவந்தது. "முப்பத்தஞ்சி வருசத்துல இந்த ஆளு என்னாண்ட வான்னு கூப்ட்டதே இந்த நாலு மாசந்தான். அதையும் நீ படிச்சி கெடுக்கறியா?"

தேவிப்பிரியா கீழே கிடந்த வேட்டியை எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தாள்.

ஏழாம் வாரம் அவர் கட்டினார். கட்டி, வாசல்வரை நடந்துபோய், எதிர்வீட்டு எல்லம்மா பார்க்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்.

பேராசிரியர் அழகேசன் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு முப்பதாவது நோயாளியில் நின்றார். "சிகிச்சைக்கு முன்னாடி சைபர். பின்னாடியும் சைபர். அப்போ நீ என்ன பண்ணின?"

"வேட்டி கட்டறார் சார்."

"அட்டவணைல வேட்டி எங்க இருக்கு?"

"இல்ல சார்."

"அப்போ அவர் கட்டல. மாற்றமே இல்லாத கேஸ் முப்பதுல சேராது." பேனாவை நீட்டினார். "முள்கரண்டிக்கு நேரா ஒரு மூணு போடு. கோட்டுக்கு ரெண்டு. யார் வந்து பார்க்கப் போறா?"

அந்தக் கல்லூரியில் மாதிரிச் சமையலறை ஒன்று உண்டு. நோயாளிகள் பழக என்று வாங்கியது. இன்ஸ்பெக்ஷன் நாளில் திறந்து, மறுநாள் பூட்டி, சாவியை அழகேசன் பையில் போட்டுக்கொள்வார். அடுப்பின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கிழிக்கவில்லை. அவர் நம்பர் போடச் சொன்னதில் தேவிப்பிரியாவுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. பேனாவை வாங்கவே செய்தாள். மூன்று போட்டால் இந்த வருஷம் டிகிரி. கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தாள். பிறகு பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, சைபரோடேயே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இதைக் கேள்விப்பட்ட கோதண்டத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "எனுக்கு சைபரா? எவன் அவன்?"

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு நாளில் கோதண்டம் ராகேஷின் காரில் வந்து இறங்கினார். தேவிப்பிரியாவுக்கே தெரியாது. குளிரூட்டிய கருத்தரங்கு அறை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் டாக்டர் ரேஷ்மா, பக்க ஓரத்தில் இடம் போதாது, எழுத்தின் அளவு சரியில்லை என்று திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. தடி வந்தது, பின்னால் பெரியப்பா வந்தார்.

"முப்பதாம் நம்பர் நான்தான்" என்றார். சுவரில் முதுகைச் சாய்த்தார். வேட்டியை அவிழ்த்தார்.

உள்ளே முட்டிவரை காக்கி டிரவுசர் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அழகேசன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

சுவர் வழவழப்பு. வீட்டுப் பீரோ மாதிரி இல்லை. முதல் தடவை துணி வழுக்கி விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. நெற்றியில் வியர்த்தது. மூன்றாவது முறை பாதியில் நழுவியபோது அழகேசனுக்குத் தாங்கவில்லை. எழுந்து கையை நீட்டிக்கொண்டு ஓடினார்.

"சார், உக்காருங்க" என்றாள் தேவிப்பிரியா. அவளே எதிர்பார்க்காத சத்தம் அது. அழகேசன் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது நிமிடம் ஆனது. கோதண்டம் முனையைச் செருகி, இடக்கையால் ஒருதரம் தட்டிப் பார்த்துக்கொண்டு, "இப்போ போடு மார்க்கு" என்றார்.

டாக்டர் ரேஷ்மா சிரிக்கவில்லை. பக்கவாதத்தில் விழுந்த அவருடைய அப்பாவும் வேட்டி கட்ட முடியாமல் இரண்டு வருடமாக நைட்டியில்தான் இருக்கிறாராம். பீரோ எவ்வளவு உயரம், வேட்டி எத்தனை முழம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டார். பக்க ஓரத்தை மட்டும் மாற்றச் சொன்னார். முப்பதாவது நோயாளிக்கு அட்டவணையில் சைபர் அப்படியே இருந்தது. அவருக்கு நேரே 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்ற குறிப்போடு அந்த ஆய்வேடு கல்லூரி நூலகத்தில் சேர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை பெரியம்மா ஒரு பையில் நாலு புடவை எடுத்துவைத்துக்கொண்டு, குத்தம்பாக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தனியாக ஓர் இரவு அங்கே தங்கியதில்லை. எப்போது வருவாய் என்று ராகேஷ் கேட்டதற்கு, "ஒங்கப்பாதான் எல்லாம் அவுரே செய்றாரே. எனுக்கு இன்னா அவசரம்?" என்றாளாம்.

புதன்கிழமை சாயங்காலம் தேவிப்பிரியாவுக்கு போன் வந்தது.

"பாப்பா, ஒரு கையால தோசை ஊத்த வருமா?"

"வரும் பெரியப்பா."

"வந்து ஊத்திக் குடுத்துட்டுப் போயேன்."

தேவிப்பிரியா அப்போது பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். வண்டி அவள் நிறுத்தத்தை நெருங்கியது. இறங்கினால் பெரியப்பா வீட்டுக்கு ஐந்து நிமிஷ நடைதான்.

"கல்லைக் காயவெச்சிட்டு கூப்பிடுங்க, சொல்றேன்" என்று போனை வைத்தாள்.