வெண்கலப் பெண்ணின் நிலுவைப் பணி

புதிய அலுவலகம் கட்டியபோது, சுவரும் கூரையும் போக ஒரு கலைப்பொருளும் வாங்கியே தீர வேண்டும் என்று உத்தரவு. ஒரு சிற்பியிடம் சொல்லிச் செய்வித்தார்கள். முன்கூடத்தில் வெண்கலப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். நின்றாள் என்பதைவிடக் குனிந்தாள் என்பதே சரி. ஒரு கை முழங்காலில், மறு கை தரைக்கு நாலு விரற்கடை மேலே. எதையோ தேடுகிறாள்.

அவளைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் பண்டகக் காப்பாளர். அலுவலகம் முழுக்க அவர் ஸ்டோர் அக்கா. இருப்புப் பதிவேட்டில் கலைப்பொருளுக்கென்று பக்கமே இல்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்ததால் அக்கா அதைத் தளவாடம் என்று எழுதிவைத்தார், பீரோவுக்கு அடுத்த வரியில். அங்கேதான் வினை. தளவாடத்துக்கு ஆயுள் பத்து ஆண்டு. அது முடிந்த கையோடு கழிவு செய்யச் சொல்லி ஆணை வந்தது: பழுதென்று கண்டால் சம்மட்டியால் உடைக்க வேண்டும், உடைத்ததற்குக் காப்பாளரே சான்று தர வேண்டும்.

அக்காவுக்கு மூன்று நாள் தொண்டையில் சோறு இறங்கவில்லை. தன் பேனா செய்த தப்புக்கு அந்தப் பெண் அடிபடுவதா?

ஆய்வுக்குப் பொறியாளர் வந்தார். பின்னாலேயே சம்மட்டியோடு காவலாளி.

“இது வேலை செய்யுதாம்மா?”

“சிலை சார் அது.”

“பதிவேட்டுல அப்படி இல்லையே. தளவாடம்னுல்ல போட்டிருக்கீங்க? பீரோன்னா பூட்டணும், நாற்காலின்னா உட்காரணும். இதுக்கு என்ன வேலை?”

அக்கா குனிந்து நின்ற சிலையைப் பார்த்தார். “தேடுறது சார்.”

பொறியாளர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “சரி, தேடுது. எதையாவது கண்டுபிடிச்சுதா?”

“இதுவரைக்கும் இல்லை சார்.”

“பத்து வருஷமாவா? அப்போ பழுதேதான். அடிப்பா!”

காவலாளி சம்மட்டியை ஓங்கினார்.

“இருப்பா!” அக்கா குறுக்கே பாய்ந்தார். “கிடைச்சிருந்தா நிமிர்ந்திருக்காதா சார்? இன்னும் குனிஞ்சேதானே இருக்கு! வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கு. முடியலை, அவ்வளவுதான்.”

“அக்கா சொல்றது நிஜம்தான் சார்,” என்றார் காவலாளி, ஓங்கிய கை வலித்ததோ என்னவோ. “மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட இது எழுந்திரிச்சுப் போனதில்ல. நம்ம ஆபீஸ்ல வேற யாரு அப்படி?”

பொறியாளர் தாடையைச் சொறிந்தார். பாதி வேலையில் இருக்கும் பொருளைக் கழிவு செய்ய விதியில் இடமில்லை. ‘பணி நிலுவையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போய்விட்டார்.

மறுவாரம் மேலிடத்துக் கடிதம். பத்து ஆண்டாகியும் தேடல் முடியாததற்கு ஆள் பற்றாக்குறையே காரணம் எனத் தெரிகிறது. ஆகவே காப்பாளர் தினமும் காலையில் ஒரு மணி நேரம் துணைக்குத் தேட வேண்டும். தவறினால் பணி கைவிடப்பட்டதாகக் கொண்டு பொருள் உடைக்கப்படும்.

மறுநாளே அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெண்கலப் பெண்ணின் பக்கத்தில் குனிந்தார். இடுப்பு விண்ணென்று தெறித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

மனு கொடுக்க வந்த ஒருவர் நின்று பார்த்தார். “என்னம்மா தொலைஞ்சுபோச்சு?”

“தெரியலைங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மிதிச்சிடப் போறீங்க.”

அவர் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றினார். மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, தானும் குனிந்தார்.