வைக்கட்டா?

கொடுத்து வைத்தவள் என்றுதான் ஊரில் எல்லோரும் அனஸ்தாசியாவைச் சொன்னார்கள். குவைத்துக்குப் போன புருசன்மாரில் சிலர் அங்கேயே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள், சிலர் சீக்காளியாகத் திரும்பினார்கள். அவளுடைய கில்பட் மட்டும் தலைமுடி கொஞ்சம் கொட்டியதைத் தவிர வேறு சேதாரம் இல்லாமல் வந்து சேர்ந்தான். நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம் போனவன். "இனி என்னடி, ராணி மாதிரி இரு" என்றார்கள் சிலாபத்துக் கடற்கரைப் பெண்கள். ராணி எப்படி இருப்பாள் என்று அவர்களுக்கும் தெரியாது, அனஸ்தாசியாவுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டில் ஓர் ஆண் கதிரையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறான், அவனோடு கதைக்கத் தன்னிடம் ஒரு சொல்லும் இல்லை என்பதுதான்.

இத்தனைக்கும் இரண்டு பேரும் சரியான வாயாடிகள். அங்கே அவன் ஓர் அரபி வீட்டில் டிரைவர். வேலை முடிந்து ஃபோனில் இமோ வீடியோவில் வந்தான் என்றால், அவனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு இவள் சமைப்பாள். "என்ன மீன்?" என்பான். "சாளை." "புளியக் கூட விட்றாத." குவைத்தில் இருந்துகொண்டு குழம்புக்குப் புளி சொல்கிற மனுசன்! சிரிப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்த மகளின் மாமியாரை நார் நாராகக் கிழிப்பார்கள். கடைசியில், "வைக்கட்டா?" என்று கேட்பான். வைக்காதீங்க என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வரும். விடிய எழும்பி வேலைக்குப் போகிறவர், பாவம், தூங்கட்டும் என்று விழுங்கிவிட்டு, "ம்ம், வைங்க" என்பாள். லீவு முடிந்து ஒவ்வொரு முறை விமான நிலையத்தில் நின்றபோதும் இதே கதைதான். "போயிட்டு வரட்டா?" "ம்ம்."

இப்போது அதே மனுசன் சீனிப் போத்தலுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறான். என்ன மீன் என்று கேட்பதில்லை. சட்டியைத்தான் பார்க்கிறானே.

அவன் ஒரேயடியாக வந்து சேர்ந்தால் இரண்டு பேரும் கடற்கரையாலேயே நடந்து வருகிறோம் என்று தலவிலைக் கோயில் அன்னம்மா தாய்க்கு அவள் நேர்ந்திருந்தாள். சனமெல்லாம் வேனில் போய் இறங்குகிற காலத்தில் இது பெரிய பேச்சு. தாய் தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி இவர்கள் நடக்க வேண்டியதுதான். ஆனால் புறப்படுவதற்கு முந்திய வாரம் அரபி ஃபோன் எடுத்தான். பழைய வேலை அப்படியே இருக்கிறது, வருகிறாயா என்றான்.

"தலவிலைப் பெருநாள் முடியச் சொல்றன் எண்டிட்டன்" என்றான் கில்பட். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் சட்டியில் மீனைப் பிரட்டினாள். "ம்ம்."

போகவா வேண்டாமா என்று வாயைத் திறந்து கேட்டால் போகாதீங்க என்று சொல்லலாம். கேட்கவில்லையே! அவனோ, இவளாகச் சொன்னால் என்ன என்று நினைத்திருப்பான். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் மணலில் இறங்கினார்கள்.

அந்த மாதத்தில் கடல் பொல்லாதது. வள்ளமெல்லாம் மேலே இழுத்துக் கிடந்தது. வலையும் இல்லை, ஆளும் இல்லை. காற்று மட்டும் மணலை அள்ளிக் கெண்டைக்காலில் அடித்தது. அவள் முன்னால் போனாள். வருடக் கணக்காகத் தனியே நடந்து பழகிய கால், இன்னொருவருக்காக மெதுவாகப் போகத் தெரியவில்லை. அவன் கார் ஓட்டிப் பழகியவன், பின்னால் இழுபட்டு வந்தான். "தண்ணி வேணுமா?" "வேணாம்." "கால் நோகுதா?" "இல்ல." வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல உடப்பு ஊரைத் தாண்டினார்கள்.

உடப்புக்கு அப்பால் ஒரு நாய். கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் மேல் ஏறி நின்று, வருகிற ஒவ்வோர் அலையையும் பார்த்துக் குரைத்தது. அலை பின்வாங்கியதும், தானே விரட்டியதுபோல வாலை ஆட்டியது. அனஸ்தாசியாவுக்குச் சிரிப்பு வந்தது. இதை இன்றைக்கு அவருக்குச் சொல்ல வேணும் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அவர் பின்னால் வருகிறார் என்பது ஞாபகம் வந்தது. கண் உள்ள மனுசனுக்கு நாயைப் பற்றி என்ன சொல்ல? சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. அவன் குவைத்தில் இருந்த காலத்தில்கூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

வழியில் ஒரு கோயில் மடத்தில் படுத்தார்கள். அவள் பெண்கள் பக்கம், அவன் ஆண்கள் பக்கம். காலையில் மறுபடியும் மணல். வெயில் ஏறி நுரைச்சோலை வந்தபோது நிலக்கரி மின் நிலையத்தின் மதில் குறுக்கே நின்றது.

"றோட்டால சுத்திப் போவம்" என்றாள்.

"கரையாலதானே நேர்த்தி? நான் கரையாலயே போய்ப் பாக்கிறன்."

"உட மாட்டாங்க."

"நீ போ. நான் வாறன்."

வந்த கோபத்தில் அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். றோட்டின் இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டங்கள், அதற்கு மேலே காற்றாலைகள் பெரிதாகச் சுற்றின. ஒரு சின்னக் கடை வாசலில் சித்தி ஸுலைஹா என்ற முஸ்லிம் பெண் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தலவிலைக்குப் போகிறவர்களுக்குக் கோப்பையில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தனியவா போறீங்க மகள்?"

"இல்ல, அவர் பின்னால வாறார்" என்றாள் அனஸ்தாசியா. சித்தி ஸுலைஹா றோட்டை எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், பாவப்பட்டு இன்னொரு கோப்பை தண்ணீர் கொடுத்தாள்.

குடித்துவிட்டுக் கொஞ்சத் தூரம் நடந்திருப்பாள், இமோ அடித்தது. திரையில் கில்பட்டின் முகம், பின்னால் வெறும் வானம்.

"எங்க நிக்கிற?"

"வெங்காயத் தோட்டத்தில. உட்டானா?"

"எங்க! செக்யூரிட்டிக்காரன் சிங்களத்தில ஒரு பிரசங்கமே வச்சான். நான் அன்னம்மா தாய்ட ஆள் எண்டன். அவனும் வருசா வருசம் தலவிலைக்குப் போறவனாம். எனக்காகவும் கும்பிடு எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிட்டான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பைத் தானே கேட்டு எத்தனை நாள்! பிறகு கதை எங்கே தொடங்கியது, எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. சித்தி ஸுலைஹாவின் தண்ணீரைச் சொன்னாள், மடத்தில் பக்கத்துப் பாயில் குறட்டை விட்ட பெண்ணைச் சொன்னாள், நாயைச் சொன்னாள்.

"எந்த நாய்?"

"வள்ளத்தில ஏறி நிண்டு குரைச்சதே. நீங்க காணல்லயா?"

"இல்லயே. நான் உன்ட காலத்தான் பாத்துட்டு வந்தன். நீ இடது பக்கம் சாஞ்சு நடக்கிற. எப்ப இருந்து அது?"

அவள் நின்றுவிட்டாள். முழங்கால் நோக ஆரம்பித்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். அவனிடம் சொன்னதில்லை. வீணாகக் கவலைப்படுவான் என்று விட்டுவிட்டாள்.

"இமோவில கால் தெரியாதுதானே" என்றாள்.

"தெரியாதுதான்" என்றான் அவன். "அனஸ்தா, அங்க நான் நாள் முழுக்க உனக்குச் சொல்லக் கதை சேர்ப்பன். இங்க வந்த பிறகு என்னத்தச் சேர்க்கிற எண்டு விளங்கல்ல. கதிரையில இருந்தா, விருந்துக்கு வந்த ஆள் மாதிரி இருக்கு. நான் திரும்பிப் போகட்டா?"

கேட்டுவிட்டான். இத்தனை நாள் அவள் காத்துக்கொண்டிருந்த கேள்வி. போகாதீங்க என்பது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் போகவில்லை என்றால் மறுபடியும் அந்தக் கதிரை, அந்த டிவி, அந்த ஊமைச் சோறு. போனால் சீனிப் போத்தலில் சாய்ந்த, சிரிக்கிற புருசன். எதைக் கேட்பது? அன்னம்மா தாய்க்கே இதற்குப் பதில் தெரியுமோ என்னவோ.

"முதல்ல வந்து சேருங்க" என்றாள்.

அவன் வந்து சேர்ந்தான். றோட்டு வளைவில் ஆளாகத் தெரிந்தான், திரையிலும் தெரிந்தான். இரண்டு பேரும் ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தபடி கிட்ட வந்தார்கள். வர வர வார்த்தை குறைந்தது. பக்கத்தில் வந்ததும் இரண்டு ஃபோனும் ஒன்றையொன்று கேட்டுக் கீச்சென்று கத்தின. காது பொறுக்க முடியாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைத்தார்கள்.

"தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்."

அவ்வளவுதான். மறுபடி கரையில் இறங்கி ஆலங்குடா வரைக்கும், அதைத் தாண்டியும் அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களில் தொங்கிக்கொண்டு பலகையில் கடல்மேல் பாய்வதைப் பார்த்தார்கள். பார்த்ததை இருவரும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

தலவிலைக் கோயில் மணி கேட்டபோது சனம் நெருங்கிவிட்டது. இனி நேர்த்தி முடிந்துவிடும், பெருநாள் முடிந்துவிடும், அவன் அரபிக்கு ஃபோன் எடுப்பான். அனஸ்தாசியா வேண்டுமென்றே காலை மெதுவாக்கினாள். அவன் தன்பாட்டில் முன்னால் போனான். இடையில் பத்துப் பதினைந்து பேர் நுழையும்வரை நின்றாள். பிறகு இமோவில் அவனைக் கூப்பிட்டாள்.

முன்னால், அவன் சட்டைப் பையில் தடவுவது தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் எடுத்தான்.

"சொல்லு."

அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இமோவில் முதுகும் தெரிந்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"கோயில் வந்திட்டு, அனஸ்தா" என்றான் மெல்ல. "வைக்கட்டா?"

"வைக்காதீங்க" என்றாள்.

அவன் நின்றான். சனம் அவனை இடித்துக்கொண்டு போனது. "என்ன சொன்ன?"

"வைக்காதீங்க. போகவும் வேணாம். இருங்க."

அவன் தோள் ஒருதரம் ஏறி இறங்கியது.

"வைக்கல்ல" என்றான். "அரபிக்கு வரல்லெண்டு சொல்லிர்றன். நீ கதை."

சாளைக்கு இனிப் புளி கூட விடப் போவதாக அவள் சொன்னாள். விட்டால் சட்டியைத் தூக்கிக் கடலில் எறிவேன் என்றான் அவன். இரண்டு பேரும் அப்படியே கதைத்துக்கொண்டு, சனத்தோடு சனமாகக் கோயிலை நோக்கிப் போனார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் எட்டி நடந்து அவன் பக்கத்தில் போகவில்லை. கிட்டப் போனால் ஃபோன் கத்தும்.