மாமனாரின் வலது கால்

மெக்கானிக் தனியாக ஓட்டினால் மாமனாரின் கார் சமர்த்தாக ஓடியது. மாமனார் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தால் திக்கித் திணறியது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு மாமனார் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இந்த அநியாயம்தான்.

கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனர் ஆக்சிலரேட்டர் சென்சார் என்று காட்டியது, மெக்கானிக் அதை மாற்றினார். காற்றை அளக்கும் சென்சாரையும் மாற்றினார். ஆக்ஸிஜன் சென்சார் பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை, அதையும் கழற்றி எறிந்தார். மாமனார் ஏறினார். வண்டி விக்கியது.

"முடியலன்னா சொல்லிடுங்க மாப்ளை. எதிர் ஒர்க்‌ஷாப்ல விட்டுடறேன்."

மெக்கானிக் அவசரமாக மறுபடியும் பானட்டைத் திறந்தார். சொந்த மாமனாரே எதிர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் அப்புறம் இவரிடம் எவன் வருவான்?

"அப்பாவை எடை போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி. அவள் கிண்டலுக்குச் சொன்னாள். இவர் நிஜமாகவே எடை மெஷினோடு போய் நின்றார். அதே எடைக்குப் பழைய பேட்டரிகளை சீட்டில் அடுக்கி, பெல்ட்டும் மாட்டி ஓட்டினார். வண்டி தேமேயென்று ஓடியது. மாமனாருக்குப் பதில் பேட்டரிகளுக்கே மாப்பிள்ளையாகியிருக்கலாம் என்று தோன்றியது.

கடைசியில் மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்சீட்டிலிருந்து டார்ச்சோடு தலையை முன்னால் நுழைத்துக்கொண்டார். எதிரே ஒரு சைக்கிள் வந்தது. மாமனாரின் வலது கால் விறைத்து, இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. கால்மிதிக்குக் கீழே போகும் சென்சார் வயர் நசுங்கியது. வண்டி விக்கியது.

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடியும் போனது. உங்க கால்தான் மாமா கோளாறு என்று எந்த வாயால் சொல்வது? ரோஷக்கார மனிதர். சொன்ன கையோடு எதிர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார்.

ஷட்டரை இறக்கிவிட்டு, வயரை மேலே தூக்கிக் கட்டினார். ஆனால் மிதிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அந்தக் கால் சும்மா இருக்குமா? பழைய வண்டி ஒன்றிலிருந்து பிரேக் பெடலைக் கழற்றி, ஸ்பிரிங் வைத்து மாமனார் பக்கம் பொருத்தினார். அதை எதனோடும் இணைக்கவில்லை.

"பயமா இருந்தா இதை மிதிங்க மாமா."

மாமனார் மிதித்தார். அவர் மிதித்தபோதெல்லாம் மெக்கானிக்கும் சத்தமில்லாமல் தன் பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு தடவைகூட விக்கவில்லை. எதிர் ஒர்க்‌ஷாப் வாசலில் மாமனார் அழுத்தி மிதித்து வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி முதலாளியைக் கூப்பிட்டார்.

"எங்க மாப்ளை வேலையில ஒரு குறை சொல்ல முடியாதுங்க. ஓட்டுறதுதான் கொஞ்சம் சுமார். அதான், பிரேக்கை நான் பாத்துக்கறேன்."